விடுதி ஜன்னலில் ஒரு 10×50 பைனாகுலர்: நான்கு மாத அனுபவம்

கல்லூரியின் முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பேர், வீட்டில் யார் யார், பொழுதுபோக்கு என்ன என்று சொல்லச் சொன்னார்கள். அறுபது பேர். பாட்டு கேட்பேன், படம் பார்ப்பேன், படம் வரைவேன் என்று வரிசை நகர்ந்து வந்தது. என் முறை வந்ததும் "வானம் பார்ப்பேன்" என்றேன்.

"விட்டத்தைப் பார்க்கிறவங்களைத் தெரியும், இது என்ன புதுசா இருக்கு?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்துக்கொண்டே, "டெலஸ்கோப் வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். "இல்ல மேம், பைனாகுலர்தான்." "ஓ," என்றார். அடுத்த ஆள் எழுந்துவிட்டான்.

அந்த "ஓ" எனக்குள் நான்கு மாதமாகக் கிடக்கிறது. அதனால் பைனாகுலர் விமர்சனம் எழுத உட்கார்ந்தவள், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பொருளைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம். ஸ்ட்ராப் பற்றிய விஷயம் மட்டும் அதற்குள் இருக்கிறது.

அப்பா இரவுக் காவலாளி. அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது தெருமுனை வரை கூடப் போய் விட்டுவிட்டு வருவது சின்ன வயதிலிருந்து என் வேலை. ராத்திரி முழுக்க விழித்திருப்பவர் என்பதால் எந்த நட்சத்திரம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. பேர்தான் தெரியாது. ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டையை "அந்த மூணு" என்பார். 2020 பிப்ரவரியில் ஒருநாள் நடந்து போகும்போது மேலே பார்த்துவிட்டு, "பாப்பா, அந்த மூணுக்கு மேல சிவப்பா ஒண்ணு இருக்குமே, அது ஏன் இப்படி மங்கிப் போச்சு?" என்று கேட்டார். திருவாதிரை. ஓரியனின் இரண்டு தோள்களில் எப்போதும் பளிச்சென்று இருக்கும் தோள் அது. அன்றைக்கு மற்றத் தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கியிருந்தது. உலகம் முழுக்க விஞ்ஞானிகள் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நட்சத்திரம் வெளியே துப்பிய வாயு குளிர்ந்து தூசியாகி அதன் முகத்தையே மறைத்துவிட்டது என்று 2021-இல் விளக்கம் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "புகையா? அதான் பார்த்தேன்," என்றார், ஏதோ பக்கத்து வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசுவதுபோல.

என் பொழுதுபோக்கு அங்கே தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் காசில் வாங்கியது இந்தப் பைனாகுலர். அதோடு வந்த ஸ்ட்ராப் மெல்லிய நைலான் பட்டை. முக்கால் கிலோவுக்கு மேல் கனமுள்ள பொருளை அதில் தொங்கவிட்டால் அரை மணி நேரத்தில் கழுத்தில் கோடு விழுந்துவிடும். அம்மா பார்த்துவிட்டு, பழைய தோள்பையின் அகலமான வாரை அறுத்து, உள்ளே ஸ்பான்ஜ் வைத்து, ஓரத்தை இரண்டு முறை தைத்துக் கொடுத்தார். "இதைத் தைச்சவனுக்குக் கழுத்தே கிடையாதா?" என்று கேட்டுக்கொண்டே தைத்தார். இப்போது பைனாகுலரிலேயே தரமான பாகம் எது என்றால் அந்த வார்தான்.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

10×50 என்றால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று பொருள். புதிதாக வாங்குகிறவர்கள் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். வானத்துக்கு முக்கியம் இரண்டாவது எண். நல்ல இருட்டில் நம் கண்ணின் பாவை அதிகபட்சம் 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதைவிடச் சுமார் 50 மடங்கு ஒளியைச் சேர்க்கும். வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் திடீரென்று இருபது நட்சத்திரம் முளைப்பது இதனால்தான். உருப்பெருக்கம் அதில் பாதி வேலைகூடச் செய்வதில்லை.

50-ஐ 10-ஆல் வகுத்தால் 5. கண்வைக்கும் பக்கத்திலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மில்லிமீட்டர். இதை நேரிலேயே பார்க்கலாம். பைனாகுலரைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, பகல் வானத்தை நோக்கிக் காட்டுங்கள், சூரியன் இல்லாத பக்கமாக. இரண்டு சின்ன வெளிச்ச வட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் (ப்ரிசம்) நல்ல ரகம், பெரும்பாலும் பேக்-4 கண்ணாடி. ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் மாதிரி சாம்பல் நிழலோடு தெரிந்தால் மட்டரகம். என்னுடையது வட்டம். கடையில் நின்று வாங்குகிறவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், பத்து நொடி வேலை.

பட்டகம் எதற்கு என்றால், வெறும் லென்ஸ் மட்டும் இருந்தால் படம் தலைகீழாகத் தெரியும். இரண்டு பட்டகங்களில் ஒளியை மடக்கித் திருப்பி நேராக்கும் இந்த முறைக்கு இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ 1854-இல் காப்புரிமை வாங்கினார். முன்பக்க லென்ஸ்கள் நம் கண்களைவிட அகலமாகத் தள்ளி, தோள் விரித்த மாதிரி இருப்பது இந்த மடிப்பால்தான். பழைய வடிவம் என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். நேர்க்குழாய் வடிவத்தில் இதே அளவு தெளிவுக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

முதலில் வந்தது கோளாறான பொருள், அதையும் சொல்ல வேண்டும். பார்த்தவுடன் நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் பார்த்தால் நெற்றி வலித்தது. என் கண்ணாடிப் பவர்தான் காரணம் என்று இரண்டு நாள் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக விலக்கினேன். ஒரு நட்சத்திரம் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்தது. இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. மாறுகண் பைனாகுலர்! மூளை அந்த இரண்டு படத்தையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்கப் பார்க்கும், அந்தப் பாடுதான் தலைவலி. விற்றவர்கள் முதலில் "ஃபோகஸ் பண்ணத் தெரியலைன்னு நினைக்கிறோம்" என்று பதில் போட்டார்கள். சோதனை செய்த விதத்தை விளக்கி எழுதியதும் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது சரியாக இருந்தது. வாங்கியவுடன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், திருப்பிக்கொடுக்கும் கெடு முடிந்த பிறகு அல்ல. கீழே போட்டுவிட்டால் நல்லதும் இப்படி ஆகிவிடும். என் அலமாரியில் அது சட்டைகளுக்கு நடுவில்தான் தூங்குகிறது.

கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்க: எனக்கு இடக்கண் மைனஸ் 2.25, வலக்கண் மைனஸ் 3. கண்ணாடியோடு பார்த்தால் கண் லென்ஸிலிருந்து தள்ளிப்போய்விடுகிறது, ரப்பர் விளிம்பை மடித்தாலும் காட்சியின் ஓரம் வெட்டுப்படுகிறது. கழற்றிவிட்டுப் பார்த்தால் முழு வட்டமும் கிடைக்கிறது. கிட்டப்பார்வையை ஃபோகஸ் சக்கரமே ஈடுகட்டிவிடும். சிலிண்டர் பவர் (சிதறல் பார்வைக்கானது) கூடுதலாக உள்ளவர்களுக்கு இந்த வசதி இல்லை, அவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அதனால் கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடைவெளி தாராளமாக இருக்கும் மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். என் கஷ்டம் வேறு. கண்ணாடி இல்லாமல் எனக்கு வானத்தில் ஒன்றுமே தெரியாது. நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டும், பார்க்கக் கண்ணாடி கூடாது. ராத்திரி முழுக்க மாட்டுவதும் கழற்றுவதுமாக ஒரு உடற்பயிற்சி.

ஃபோகஸ் செய்யும் முறையை யாரும் சொல்லித்தருவதில்லை. வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடப்பக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வளையத்தில் பதிவாகிவிடும். அதற்கப்புறம் நடுச் சக்கரம் மட்டும் போதும். நட்சத்திரம் ஊசி முனை மாதிரி தெரிந்தால்தான் ஃபோகஸ் சரி. கடுகு மாதிரி தெரிந்தால் இன்னும் திருப்ப வேண்டும்.

என்ன தெரிகிறது என்பதுதானே முக்கியம். என்னுடையதில் 6.5 பாகை (டிகிரி) அகலத்துக்கு வானம் தெரிகிறது. முழு நிலாவின் அகலம் அரைப் பாகை. அதாவது பதின்மூன்று நிலாக்களை வரிசையாக வைக்கலாம். சாதாரண டெலஸ்கோப்பில் இந்த அகலம் கிடைக்காது. ஓரியனின் மூன்று நட்சத்திரமும் ஒரே காட்சிக்குள் அடங்கும். கார்த்திகைக் கூட்டம் வெறும் கண்ணுக்கு ஆறு புள்ளி. இதில் பார்த்தால் ஐம்பதுக்கும் குறையாமல், நீலம் கலந்த வெள்ளையில், யாரோ கைநிறைய அள்ளி வீசியதுபோல இருக்கும். கிட்டத்தட்ட 440 ஒளியாண்டு தூரம். எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கு இல்லை, ஆனாலும் முதல் நொடியில் வாயிலிருந்து "அய்யோ" வந்துவிடுகிறது.

நிலாவை முழு நிலா அன்றைக்குப் பார்க்காதீர்கள். கண் கூசும், எல்லாம் தட்டையாக இருக்கும். பாதி நிலா அன்றைக்கு வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள், பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து மேடு பள்ளம் துருத்திக்கொண்டு தெரியும். 1969-இல் மனிதர் இறங்கிய அமைதிக் கடல் ஒரு கருந்திட்டாகத் தெளிவாகத் தெரிகிறது. ஆண்ட்ரோமெடா நட்சத்திர மண்டலம் (கேலக்ஸி) இருட்டான வானத்தில் ஒரு நீளமான புகைத்திட்டு. அவ்வளவுதான், படங்களில் வருவதுபோல வண்ணச் சுருள் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அந்தத் திட்டிலிருந்து வரும் ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது. சனியின் வளையம் தெரியாது. இதைத் தனி வரியாக எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் விடுதியில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தெரியாது. பத்து மடங்கு போதாது.

வியாழனின் நிலாக்கள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு. ஆனால் கை ஆடாமல் இருக்க வேண்டும், இங்கேதான் இந்தப் பொருளின் பெரிய குறை வருகிறது. பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு. நின்றுகொண்டு பிடித்தால் வியாழன் ஒரு மின்மினி மாதிரி துள்ளும். படுத்துக்கொண்டு பார்ப்பது ஒரு வழி. சுவரில் சாய்ந்து, முழங்கைகளை நெஞ்சில் ஊன்றிக்கொள்வது இன்னொரு வழி. நடு அச்சின் முன்முனையில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்தால் ட்ரைபாட் மாட்ட மரை இருக்கிறது, ஆனால் அதற்கான எல் வடிவத் துண்டைத் தனியாக வாங்க வேண்டும். நான் இன்னும் வாங்கவில்லை.

எனக்குக் கிடைத்த தீர்வு விடுதி ஜன்னல். மூன்றாவது மாடி. விடியற்காலை நாலரை மணிக்குக் கதவைத் திறந்துவிட்டு, ஜன்னல் கட்டையில் ஒரு தலையணை, அதன் மேல் பைனாகுலர். வியாழன் அசையாமல் நிற்கும், இரண்டு பக்கமும் அதன் நிலாக்கள் ஒரே கோட்டில். ஒரு பரீட்சை வாரத்தில் தொடர்ந்து ஐந்து விடியலில் அவற்றின் இடத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்த நான்கில் உள்ளே சுற்றும் அயோவுக்கு ஒரு சுற்று இரண்டு நாள்கூட ஆகாது. கடைசியாக இருக்கும் கலிஸ்டோவுக்குப் பதினாறரை நாளுக்கு மேல். ஒன்று பக்கம் மாறி மாறி ஓடுவதும் இன்னொன்று நகரவே யோசிப்பதும் நோட்டில் தெளிவாக வந்தது. அந்தப் பரீட்சையில் மதிப்பெண் சுமார்தான்.

ஜன்னலில் பார்ப்பதைக் கேவலமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆல்காக் என்று ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். 1983 மே மாதம் தன் வீட்டுக்குள் மண்டியிட்டபடி, மூடிய ஜன்னல் கண்ணாடி வழியே பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு புது வால்மீனைக் கண்டுபிடித்தார். அதே வால்மீனை ஐராஸ் என்ற செயற்கைக்கோளும் ஜப்பானிய அமெச்சூர் ஒருவரும் கண்டிருந்ததால் அதற்கு ஐராஸ்-அராக்கி-ஆல்காக் என்று மூன்று பெயரும் சேர்ந்தது. அது பூமிக்குச் சுமார் 47 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கி வந்துபோனது. ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் இடத்தை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார் என்பதுதான் கதையின் முக்கியப் பகுதி. வானத்தில் ஒரு புள்ளி கூடினால் அவருக்குத் தெரிந்துவிடும், அப்பாவுக்குத் திருவாதிரை மங்கியது தெரிந்த மாதிரி.

ஆனால் விடுதி ஜன்னலில் பைனாகுலரோடு நிற்பதில் ஒரு சிக்கல் உண்டு. எதிர்க் கட்டடத்தில் இருப்பவர்கள் நாம் வியாழனைத்தான் பார்க்கிறோம் என்று ஏன் நம்ப வேண்டும்? யாரோ சொல்லிவிட்டார்கள், வார்டன் கூப்பிட்டு விசாரித்தார். அவர் கேட்டது நியாயம்தான். மாடிக்கு அழைத்துப்போய் நிலாவைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ரொம்ப ஆடுதேம்மா," என்று திருப்பிக் கொடுத்தார். இதைவிடச் சுருக்கமான விமர்சனம் இந்தப் பைனாகுலருக்கு வராது. அப்புறம் ஏழு மணியிலிருந்து எட்டரை வரை மொட்டை மாடியில் பார்க்கலாம், நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அனுமதி கொடுத்தார். ஜன்னலில் என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு வானத்தை நோக்கி மட்டும் என்றார். அறை விளக்கை எப்படியும் அணைத்துத்தான் ஆக வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

சில்லறைக் குறைகள்: முன்லென்ஸ் மூடிகள் தொளதொளவென்று இருக்கின்றன. ஒன்று தொலைந்து, இப்போது ஒரு பக்கத்துக்கு ஷாம்பு டப்பாவின் மூடி. காட்சியின் ஓரத்தில் நட்சத்திரங்கள் குட்டி வால் முளைத்த மாதிரி இழுபடுகின்றன, நடுவில் எழுபது சதவீதம் சுத்தம். பிரகாசமான நிலாவைச் சுற்றி மெல்லிய ஊதா விளிம்பு தெரியும். இந்த ரகத்தில் இதெல்லாம் சகஜம், எனக்குத் தொந்தரவாக இல்லை.

யார் வாங்க வேண்டாம்? நடந்துகொண்டே பறவை பார்க்கிறவர்கள். அவர்களுக்கு 8×42 போதும், கனமும் குறைவு, ஆட்டமும் குறைவு. கோள்களைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் இதை எடுக்க வேண்டாம். முன்லென்ஸ் சிவப்பாக மின்னும் வகையையும், சக்கரத்தைத் திருப்பினால் பத்திலிருந்து முப்பது மடங்காகும் ஜூம் வகையையும் யாருமே வாங்க வேண்டாம். சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே படம் பச்சை பாய்ந்து இருக்கும். ஜூம் வகையில் காட்சி சாவித்துவாரம் மாதிரி குறுகிவிடும். எதை வாங்கினாலும் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், கண் போய்விடும்.

நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். ஐந்துக்கு நான்கு. ஸ்ட்ராப்புக்கு அரை, மூடிக்கு அரை குறைத்துவிட்டேன். ஆட்டத்துக்குக் குறைக்கவில்லை, அது என் கையின் தப்பு.

விட்டத்தைப் பற்றிக் கேட்ட அந்தக் கடைசி வரிசைக்காரி இப்போது என் அறைத்தோழி. விளக்கு அணைந்ததும் "இன்னிக்கு என்ன?" என்று அவள்தான் முதலில் கேட்கிறாள். அவளுக்குக் கண்ணாடி கிடையாது. அவள் பார்த்துவிட்டுத் தரும்போதெல்லாம் வலக்கண் வளையம் இடம் மாறியிருக்கும், நான் மறுபடி முதலிலிருந்து ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். போன மாதம் ஒயிட்னரை எடுத்து என் அளவுக்கு நேராக ஒரு புள்ளி வைத்தேன். அவள் தன் அளவுக்குச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்தாள். நேற்று எண்ணிப் பார்த்தேன், வளையத்தில் ஐந்து புள்ளிகள். பச்சைப் புள்ளி யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.